ஏட்டில் இல்லாத எண்ணிக்கை

சவ்வாது மலையிலே, காவலூரிலே, வானத்தைக் கணக்கெடுக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. 1960களின் இறுதியில் சிறிய தொலைநோக்கியுடன் தொடங்கிய அந்தக் கூடத்தில், 1986ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய பெரிய தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1977ஆம் ஆண்டு, யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டபோது, அதற்குச் சான்று பதிந்த கூடங்களுள் காவலூரும் ஒன்று. எட்டாத தொலைவிலே ஒரு கோள் ஒரு விண்மீனை மறைத்த நொடிகளைக்கூட வீணாக்காமல் குறித்து வைத்தார்கள். பாராட்டத்தக்க செயல், மலைக்கே பெருமை தரும் செயல்.

ஆனால், அதே மலையிலிருந்து வேலை தேடி இறங்கிச் சென்று, வழக்கிலே சிக்கி, வேற்று மாநிலச் சிறையிலே அடைபட்ட மனிதர் எத்தனை பேர்? அவருள் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர் எத்தனை பேர்? தீர்ப்புப் பெற்றவருள், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் வீட்டுக்கு அனுப்பத் தகுந்தவர் எத்தனை பேர்? அவ்வாறு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர்? இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுதிய ஏடு எங்கே? விண்மீனுக்குக் கணக்கு உண்டு. விறகு வெட்டுபவனுக்குக் கணக்கு இல்லை! இந்த முரண்பாட்டின் வரலாற்றை ஆராய்வதே நமது நோக்கம்.

ஆராயாது அளித்த தீர்ப்பு

நன்னடத்தைப் பிணை என்றால் என்ன? குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னர், தண்டனையை உடனே விதிக்காமல், "இத்தனை காலம் ஒழுங்காக நட, உன்னைக் கவனிக்க ஓர் அலுவலர் இருப்பார், தவறினால் மீண்டும் வந்து தண்டனையை ஏற்றுக்கொள்" என்று கூறி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது. இது மன்னிப்பு அல்ல, விடுதலையும் அல்ல. சிறைக் கதவுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையே அறிவு கண்ட மூன்றாவது வழி.

இந்த வழியின் உயிர்நாடி எது? விசாரணை. நீதிபதி முடிவு செய்வதற்கு முன், குற்றவாளி யார், எந்தச் சூழலில் வளர்ந்தவர், அவரை நம்பி வாழ்வோர் எத்தனை பேர், முன்பு தவறியவரா, எவர் தூண்டுதலால் தவறினார் என்பதை அலுவலர் நேரில் சென்று அறிந்து எழுதும் அறிக்கையே அதன் அடிப்படை.

சிலம்பின் கதையை நினைத்துப் பாருங்கள். புகாரிலிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்தவன் கோவலன். ஊர் புதிது, உறவு இல்லை, அவனுக்காகப் பேச ஆள் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், மன்னன் நம்பினான், காவலர் வாள் வீசினார். "யார் இவன்? எங்கிருந்து வந்தான்? ஏன் வந்தான்?" என்று கேட்க ஒரு நாழிகை செலவழித்திருந்தால், மதுரை எரிந்திருக்காது, பாண்டியன் மாண்டிருக்கமாட்டான். குற்றமே செய்யாதவன் கோவலன் என்பது உண்மை. ஆனால் குற்றம் செய்தவனுக்கும் அந்த ஒரு நாழிகை உரியது என்பதுதான் இன்றைய உலகம் கற்றுக்கொண்ட பாடம்.

காலணிக் கடையில் பிறந்த கணக்கு

அந்தப் பாடத்தை உலகுக்குத் தந்தவர் மன்னர் அல்லர், மதகுருவும் அல்லர், சட்டப் புலவரும் அல்லர். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்தில் காலணி செய்து விற்ற ஜான் அகஸ்டஸ் என்பவர். 1841ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நகரக் காவல் நீதிமன்றத்தில், குடிப்பழக்கத்திற்காகக் கொண்டுவரப்பட்ட கந்தல் உடைக்காரன் ஒருவனைத் தமது பொறுப்பில் பிணை எடுத்தார். மூன்று வாரம் கழித்து அவனை நீதிபதியின் முன் நிறுத்தியபோது, அவனே இவன் என்று நம்புவது கடினமாயிற்று. சிறைக்குப் போகவேண்டியவனுக்கு ஒரே ஒரு செண்டு அபராதமும் வழக்குச் செலவும் விதித்து அனுப்பினார் நீதிபதி.

அதற்கு மேல் பதினெட்டு ஆண்டுகள், 1859இல் தாம் மறையும் வரையில், அகஸ்டஸ் இதே பணியைச் செய்தார். வணிகம் நலிந்தது, வறுமை சூழ்ந்தது, பணி நிற்கவில்லை. நமது கருத்துக்கு முக்கியமானது ஒன்று உண்டு. அவர் இரக்கம் மட்டும் காட்டவில்லை, எழுதியும் வைத்தார். ஆண்டுதோறும் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், பிணைத் தொகை எவ்வளவு என்று குறித்தார். 1852இல் அச்சிட்டும் வெளியிட்டார். 1858 வரையில் அவர் பிணை எடுத்தவர் 1,946 பேர் என்றும், அவருள் பிணையை முறித்தவர் 10 பேர் மட்டுமே என்றும் கூறப்படுகிறது.

"இரக்கம் காட்டினால் குற்றம் பெருகும்" என்று கூவியவர்களுக்கு எதிரே அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை; எண்ணை நீட்டினார். 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம் சம்பளம் பெறும் நன்னடத்தை அலுவலரை அமர்த்தச் சட்டம் செய்தது. 1907இல் இங்கிலாந்து அதே வழியிற் சட்டம் இயற்றியது. ஒரு காலணிக் கடைக்காரரின் கணக்கேடு, கடல் கடந்து சட்டப் புத்தகமாயிற்று.

சென்னை நடந்த வழி

நமது நாட்டில் 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 562ஆம் பிரிவாக, முதல் முறை குற்றம் செய்தவரை நன்னடத்தைப் பிணையில் விடலாம் என்று ஒரு மூலையில் எழுதப்பட்டிருந்தது. விடலாம், ஆனால் விடப்பட்டவரைக் கவனிக்க அலுவலர் இல்லை. 1919-20இல் நாட்டின் சிறைகளைச் சுற்றிப் பார்த்து ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர், சென்னை ஆட்சிமன்றத்தில் உறுப்பினராயிருந்த அலெக்சாண்டர் கார்டியூ. தண்டனையின் நோக்கம் வதைப்பது மட்டுமன்று, திருத்துவதும் ஆகும் என்ற கருத்தை அக்குழு அழுத்தமாக எடுத்துரைத்தது.

சென்னை மாகாணம் காத்திருக்கவில்லை. 1920இல் சிறார் சட்டம். 1926இல் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம். பின்னர் 1936இல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். 1937ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாக அது ஏடேறியது. நீதிக்கட்சியினர் மாகாண ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலம் அது. பம்பாயும் ஐக்கிய மாகாணமும் இத்தகைய சட்டத்தை 1938இல்தான் செய்தன. அவ்விரு மாகாணங்களும் உறங்கியபோது சென்னை விழித்திருந்தது என்று சொன்னால் அது தற்பெருமை அன்று; ஆண்டுக் கணக்கு கூறும் உண்மை.

மற்றோர் ஏடு

ஆனால் அதே மாகாணத்தில், அதே காலத்தில், மற்றோர் ஏடும் இருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதியாகும்.

1871இல் வடநாட்டுக்காக இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று அது கேட்கவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தான் என்றே கேட்டது. கூட்டம் கூட்டமாக மக்களின் பெயரை எழுதினார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். இரவிலே காவல் நிலையத்திற்கு வந்து படுக்கச் சொன்னார்கள். தென்மாவட்டத்து மக்கள் அதற்கு "ரேகைச் சட்டம்" என்று பெயரிட்டார்கள். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கி பேசிற்று. பெண்ணொருத்தி உட்படப் பலர் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. 1952இல் நாடெங்கும் அது ஒழிந்தது.

இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று அகஸ்டசின் ஏடு: மனிதனை வெளியே விடுவதற்காக எழுதப்பட்டது. மற்றொன்று ரேகை ஏடு: மனிதனை உள்ளே வைப்பதற்காக எழுதப்பட்டது. முன்னது ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் தனித்தனியே பார்த்தது. பின்னது பிறப்பை மட்டுமே பார்த்தது. அரசுக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் கூறவேண்டாம். சந்தேகப்படுவதற்கு எண்ணத் தெரிந்தது. சீர்திருத்துவதற்கு எண்ணத்தான் கை வரவில்லை!

எனவே, புள்ளிவிவரம் நல்லதா கெட்டதா என்று கேட்பது வீண். எவர் பயனுக்காக, எந்தக் கேள்விக்கு விடையாக, யார் கையில் என்பதே கேள்வி.

1958ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின், 1958இல் நாடு முழுவதற்குமாகக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பிறந்தது. சிறு குற்றங்களுக்கு எச்சரித்து விடலாம் என்கிறது 3ஆம் பிரிவு. மரண தண்டனையோ வாழ்நாள் தண்டனையோ விதிக்கத்தகாத குற்றங்களில், மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்திற்கு நன்னடத்தைப் பிணையில் விடலாம் என்கிறது 4ஆம் பிரிவு. 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்ப விரும்பினால், நீதிமன்றம் அதற்குக் காரணம் எழுதவேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. அலுவலரின் அறிக்கை மறைவாக வைக்கப்படவேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. இவ்வாறு விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது 12ஆம் பிரிவு. 1964இல், 16 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில், நீதிபதி சுப்பாராவ் எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு, இந்தச் சட்டத்தின் சீர்திருத்த நோக்கத்தை விளக்கி, மேல்முறையீட்டிலும் இதன் பயனை அளிக்கலாம் என்று வழிகாட்டியது.

மலைவாழ் மக்களுக்கு முக்கியமான ஒரு வரியும் 4ஆம் பிரிவிலே உண்டு. பிணையில் விடப்படுபவருக்கோ அவருடைய பிணையாளருக்கோ, நீதிமன்றத்தின் எல்லையில் நிலையான இருப்பிடமோ தொழிலோ இருக்கவேண்டும். அல்லது பிணைக் காலத்தில் அவர் வாழப்போகும் இடத்தில் இருந்தாலும் போதும். அதாவது, வழக்கு சமவெளியில் நடந்தாலும் வீடு மலையில் இருக்கலாம். சட்டம் மலையை மறக்கவில்லை.

எண்ணுவதிலும் நேர்மை வேண்டும்

சட்டம் வந்த அதே 1958இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் நன்னடத்தைப் பிணையின் விளைவுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பிணைக் காலத்தை ஒழுங்காக முடித்தவர் எத்தனை பேர் என்று எண்ணியதோடு அவர்கள் நிற்கவில்லை. முடித்த பின்னரும் சில ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தவர் எத்தனை பேர் என்றும் தேடினார்கள். நாம் கற்கவேண்டிய முறை அது. எண்ணிக்கை என்றாலே உண்மை என்று மயங்கிவிடக் கூடாது. தவறாக எண்ணினால் எண்ணே பொய் பேசும்.

ஏரியை எண்ணிப் பாருங்கள். இன்று ஏரியில் நிற்கும் நீர் ஒரு கணக்கு. இந்த ஆண்டு கால்வாய் வழியே வந்த நீர் மற்றொரு கணக்கு. அதுபோல், இன்றைய நாளில் பிணையில் இருப்பவர் தொகை வேறு. இவ்வாண்டு பிணையில் விடப்பட்டவர் தொகை வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டும் பாழ். ஐரோப்பிய மன்றம் தனது உறுப்பு நாடுகளிலிருந்து நன்னடத்தைப் பணிகளின் கணக்கை ஆண்டுதோறும் திரட்டும்போது, ஒரு குறித்த நாளின் இருப்பையும் ஆண்டு முழுவதன் வரத்தையும் தனித்தனியே கேட்கிறது. எண்ணப்படுவது ஆளா, ஆணையா என்பதையும் வரையறுக்கிறது. ஏனெனில் இரண்டு வழக்குடைய ஒருவரை இரண்டு பேராக எண்ணிவிடும் ஏடுகளும் உண்டு.

இன்னொரு வலை ஒப்பீடு. சிறையிலிருந்து வந்தவரைவிடப் பிணையில் விடப்பட்டவர் குறைவாகவே மீண்டும் குற்றம் செய்கிறார் என்று காட்டி மகிழ்வது எளிது. ஆனால் பிணையில் விடப்படுபவர் தொடக்கத்திலேயே சிறு குற்றம் செய்தவர். சிறைக்குச் செல்பவர் பெருங்குற்றம் செய்தவர். அகஸ்டசே, யாரைப் பிணை எடுப்பது என்று ஆராய்ந்து, திருந்தக்கூடியவர் என்று தமக்குத் தோன்றியவரையே எடுத்தார். ஆகவே 1,946க்கு 10 என்ற கணக்கை எல்லாக் குற்றவாளிக்கும் பொருத்துவது அறிவுடைமை ஆகாது. ஒத்த வயது, ஒத்த குற்றம், ஒத்த முன்வரலாறு உடையவரை ஒப்பிட்டால்தான் வழியின் வலிமை தெரியும். சீர்திருத்தக்காரன் தனக்குச் சாதகமான பொய்யையும் மறுக்கவேண்டும். அப்போதுதான் எதிரியின் பொய்யை மறுக்கும் தகுதி அவனுக்கு உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய குறை, வகுக்கும் எண் இல்லாமை. ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் 100 பேரைப் பிணையில் விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தகுதியுடையவர் 120 பேர் என்றால் அது கருணை மிக்க மாவட்டம். தகுதியுடையவர் 2,000 பேர் என்றால் அது கல்நெஞ்ச மாவட்டம். 100 என்ற எண் மட்டும் ஒன்றையும் கூறாது. விடப்பட்டவரை எண்ணுவது எளிது. விடப்பட்டிருக்க வேண்டியவரை எண்ணுவதே நீதி.

மலையும் மனிதரும்

தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 7,94,697 பேர். அவருள் மிகப் பெரிய பிரிவினர் மலையாளிப் பழங்குடியினர். சவ்வாது மலையின் மக்களும் அவர்களே. சாமை விளையும் நிலம். புளியும் பலாவும் தேனும் தரும் காடு. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்திற்குப் பின், தலைமுறை தலைமுறையாகத் தன் தோட்டம் போல நடந்த காட்டிலேயே அவன் அனுமதி கேட்டு நடக்கவேண்டியவன் ஆனான். சந்தனம் விளைந்த மலை இது. சந்தனத்தின் மணம் ஏலக் கூடத்திற்குப் போயிற்று, வறுமை மலையிலேயே தங்கிற்று.

வானம் பொய்த்தால் கூலிக்கு இறங்குகிறார்கள். தரகர் வருகிறார், முன்பணம் தருகிறார், எங்கே, எதற்கு என்பதை எப்போதும் சொல்வதில்லை. எல்லை தாண்டிய காட்டிலே செம்மரம். வெட்டியவன் பிடிபடுகிறான், வெட்டச் சொன்னவன், வாங்கியவன், கப்பலேற்றியவன் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், சேசாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். அவருள் சவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். அந்த 20 என்ற எண்ணை நாடு அறியும். செத்தவரை எண்ணிவிட்டோம், உயிரோடு சிறையில் இருப்பவரை எண்ண ஏன் மறந்தோம்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறைகளின் புள்ளிவிவரத்தை ஆண்டுதோறும் தொகுக்கிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்! தீர்ப்பு வந்த பின்னர்தான் நன்னடத்தைப் பிணை என்ற பேச்சே எழும். தீர்ப்பு வரும் முன்னரே ஒருவன் மாதக் கணக்கில் உள்ளே கிடந்துவிட்டால், 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்கு எந்த உதவியைச் செய்யும்? மழை நின்ற பிறகு நீட்டிய குடை!

சிறையிலிருப்போருக்கு இத்தகைய விரிந்த தொகுதி உண்டு. வயது, கல்வி, வகுப்பு, மாநிலம் என்று பல பட்டியல்கள் உண்டு. நன்னடத்தைப் பணிக்கு அதற்கு நிகரான தொகுதி நாட்டில் இல்லை. அறையில் அடைத்தவனுக்கு அட்டவணை. அறைக்கு வெளியே நிறுத்தித் திருத்தியவனுக்கு இல்லை.

பள்ளிகளில் பாடஞ்சொல்லும் நாம் ஒன்றை அறிவோம். வருகைப் பதிவேட்டில் ஒரு சிறுவனின் பெயருக்கு நேரே வரவில்லை என்ற குறி தொடர்ந்து விழத் தொடங்கினால், அந்த வீட்டிலே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். தந்தை சிறையில், தாய் கூலிக்கு, பிள்ளை ஆடு மேய்க்க. ஒருவனுக்கு விதித்த தண்டனையை ஒரு குடும்பமே அனுபவிக்கிறது. நன்னடத்தை அலுவலர் அந்த வீட்டின் வாசலில் ஒரு முறை நின்றிருந்தால், அவருடைய அறிக்கையில் அந்தச் சிறுவனும் இருந்திருப்பான்.

வேண்டுவன

தமிழ்நாட்டில் சிறைத்துறையின் கீழ் நன்னடத்தை அலுவலர்கள் உள்ளனர், ஏடுகளும் எழுதப்படுகின்றன. அவற்றை ஒன்றாக்கி, மாவட்டவாரியாக, மக்கள் படிக்கும் தமிழில் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடவேண்டும் என்பதே நமது முதல் கோரிக்கை. பத்திகள் ஐந்து போதும். குற்றத்தாலும் வயதாலும் தகுதியுடையவர் எத்தனை பேர். அவருள் அலுவலர் அறிக்கை கேட்கப்பட்டவர் எத்தனை பேர். பிணையில் விடப்பட்டவர் எத்தனை பேர். காலத்தை ஒழுங்காக முடித்தவர் எத்தனை பேர். முடித்து மூன்றாண்டு கழிந்தும் நல்வாழ்வு வாழ்பவர் எத்தனை பேர். இவற்றோடு ஓர் அலுவலரின் பொறுப்பில் எத்தனை பேர் என்பதும் தெரியவேண்டும். நூற்றுக்கணக்கானோரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மேற்பார்வை நடக்கிறது என்று எழுதுவது ஏமாற்று.

இரண்டாவது: எல்லை கடந்த வழக்குகளுக்கு இரு மாநில அலுவலர்களும் கடிதத் தொடர்பு கொள்ளும் முறை நிலைபெறவேண்டும். தெலுங்கு பேசும் நீதிமன்றத்தில் தமிழ் பேசும் மலைமகன் நிற்கும்போது, அவன் வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, பொறுப்பேற்க ஊர் இருக்கிறது என்று கூறும் ஓர் அறிக்கை, ஜமுனாமரத்தூரிலிருந்து அங்கே போய்ச் சேரவேண்டும். கோவலனுக்குக் கிடைக்காத அந்த ஒரு நாழிகை அவனுக்காவது கிடைக்கட்டும்.

மூன்றாவது, முதல் இரண்டையும்விட முக்கியமானது: ஏட்டில் எண் இருக்கட்டும், பெயர் வெளியே வரவேண்டாம். இந்த மலை, இந்தக் குலம், இத்தனை குற்றவாளி என்று எழுதத் தொடங்கினால், ரேகைச் சட்டம் வேறு உடை உடுத்தி வந்து நிற்கும். 7ஆம் பிரிவு அறிக்கைக்கு அளித்த மறைவு, கணக்கேட்டிற்கும் வேண்டும். மக்களை எண்ணாதே, ஆட்சி மக்களுக்குச் செய்ததை எண்ணு! எத்தனை பேர் தவறினர் என்பது மட்டுமல்ல கேள்வி. தவறியவருக்கு எத்தனை முறை சட்டம் தந்த வாய்ப்பை நீதிமன்றமும் அலுவலகமும் வழங்கின என்பதே கேள்வி.

இளைஞர்களே! சட்டம் செய்ய நமது முன்னோர் 1936இலேயே முன்வந்தார்கள். அந்தச் சட்டம் எவ்வளவு பேருக்குப் பயன்பட்டது என்று கேட்கும் கடமை நம்முடையது. கேட்பதற்குத் துப்பாக்கி வேண்டாம், கோபம்கூட வேண்டாம். தாளும் கோலும் போதும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சிலர் அமர்ந்து, வெளியிடப்பட்ட ஏடுகளைப் படித்து, விடுபட்ட பத்தியைச் சுட்டிக்காட்டி எழுதினால், பதில் எழுதியே தீரவேண்டிய நாள் ஆட்சிக்கு வரும். ஏட்டில் இடம் பெறாதவன் திட்டத்தில் இடம் பெறுவதில்லை. திட்டத்தில் இடம் பெறாதவனுக்கே சிறையில் இடம் எளிதாகக் கிடைக்கிறது.